ருத்திராட்சத்தோடு வந்த பாட்டுப் பெட்டி

அன்புள்ள ஐயா,

வணக்கம். மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். பீற்றில்ஸ் இசைக்குழுவிலிருந்த ஜோர்ஜ் ஹரிசனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அவருடைய பாட்டுகளைத் தேடிக் கேட்கத் தொடங்கினேன். அவர் தனியாக வெளியிட்ட இசைத்தட்டுகள் இப்போது ஒவ்வொன்றாக மறுபதிப்பாகி வருகின்றன. கனடாவிலிருக்கும் மாமா மாசியில் ஊருக்கு வருகிறார். “என்ன வேணும், சொல்லு” என்று கேட்கிறார். தட்டுகளைக் கேட்கலாமா? போனில் சும்மா கேட்கிற பாட்டுக்குக் காசு கொடுப்பது விசர் வேலை என்கிறார் அக்கா. வைத்திருந்தால் விலை ஏறும் என்கிறான் நண்பன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நண்பனின் கதையை முடித்துவிடுவோம். விலை ஏறுவது அந்தக் காலத்தில் அடித்த முதல் பதிப்புக்கு. மறுபதிப்பைக் கம்பனி நினைத்தால் நாளைக்கும் அடிக்கும். காசு பெருக வேண்டுமென்றால் மாமாவிடம் நல்ல பசுமாடு இரண்டு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அக்கா சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதிக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

ஹரிசன் 1970இல் வெளியிட்ட ‘ஆல் திங்ஸ் மஸ்ற் பாஸ்’ தட்டின் பாட்டுகளை நான் முதலில் கேட்டது தொண்ணூறுகளில், புதுக்குடியிருப்பில். போர்க்காலம், கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்த சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடரை ஓடவிடுவோம். சுற்றுகிறவன் களைத்தால் பாடுகிறவனும் களைத்துவிடுவான். கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த கசெற், அதுவும் பிரதிக்குப் பிரதி எடுத்தது. ஹரிசனின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோலக் கேட்டது. டைனமோவின் குறை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். (அந்தக் கசெற் 2009இல் எங்கே விழுந்ததோ. பங்கருக்குள் கொண்டுபோன சாமான்களில் அது இருக்கவில்லை.)

பிறகு நல்ல கருவியில் கேட்டபோதும் கிணறு அப்படியே இருந்தது. ஹரிசனோடு சேர்ந்து அந்தத் தட்டைத் தயாரித்த பில் ஸ்பெக்ரருக்கு எதிரொலி என்றால் உயிர். ஏகப்பட்ட வாத்தியங்களை ஒரே நேரத்தில் வாசிக்க வைத்து, எல்லாவற்றையும் எதிரொலியில் ஊறப்போடுவது அவருடைய பாணி. ஹரிசனுக்கே அது பின்னாளில் உறுத்தியது. 2001 ஜனவரியில் வந்த மறுபதிப்பில், அந்தப் பெரிய ஆரவாரத்திலிருந்து சில பாட்டுகளையாவது விடுவிக்க ஆசை என்ற கருத்தை அவரே எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார்.

2001இலும் 2014இலும் வந்தவை ரீமாஸ்ரர்கள். அதாவது சமைத்த கறியைச் சூடாக்கி உப்புப் புளி பார்ப்பது. 2021இல் வந்தது ரீமிக்ஸ். குரல், கிற்றார், மேளம் என்று தனித்தனியாகப் பதிந்திருந்ததை எடுத்து மறுபடி அடுப்பில் ஏற்றியிருக்கிறார்கள். ஹரிசனின் மகன் தானியின் மேற்பார்வையில் ஒலிப் பொறியாளர் போல் ஹிக்ஸ் செய்த வேலை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து ஏறிக் கிணற்றுக்கட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எதிரொலி போனதோடு அந்தப் பிரமாண்டமும் கொஞ்சம் போய்விட்டது என்று சண்டை பிடிக்கிறவர்களும் உண்டு. எனக்குப் போனதில் கவலை இல்லை.

ஆனால் வாங்கச் சொல்வது அதற்காக அல்ல. 1970 மே 26ஆம் திகதி பீற்றில்ஸ் மேளகாரர் ரிங்கோ ஸ்ராரையும் பேஸ் கிற்றார்க்காரர் கிளவுஸ் ஃபோர்மனையும் வைத்துக்கொண்டு 15 பாட்டு, அடுத்த நாள் ஸ்பெக்ரருக்குப் போட்டுக் காட்டுவதற்காகத் தனியாக இன்னும் 15 பாட்டு, ஹரிசன் மாதிரிக்குப் பாடிப் பதிந்தார். பீற்றில்ஸ் தட்டுகளில் லெனனும் மக்கார்ட்னியும் எழுதியவை போக இவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு பாட்டு, இரண்டு பாட்டு. தலைப்புப் பாட்டைக் கூட 1969 ஜனவரியில் குழுவோடு பாடிப் பார்த்திருக்கிறார், எடுபடவில்லை. அப்படித் தேங்கிக் கிடந்ததெல்லாம் அந்த இரண்டு நாளில் வான் திறந்த இரணைமடுக் குளம் மாதிரிப் பாய்ந்திருக்கிறது. 2021 ரீமிக்ஸோடு வந்த ஐந்து சீடிப் பெட்டியில் மூன்றாவது முதல் நாள், நாலாவது இரண்டாம் நாள். நாலாவதில் ஆரவாரமே கிடையாது. ஒரு மனிதன், ஒரு வாத்தியம், நடுவில் இருமல் வந்தாலும் கேட்கும்.

ஆகவே அந்த ஐந்து சீடிப் பெட்டியைக் கேளுங்கள். ஆயிரம் டொலரளவில் ஒரு மரப்பெட்டியும் விட்டார்கள். உள்ளே தோட்டத்துக் குள்ளர் பொம்மைகள், ஹரிசன் வீட்டு வளவில் விழுந்த ஓக் மரத்தில் செய்த புத்தக அடையாளம், ருத்திராட்சம்கூட. ருத்திராட்சம் வேண்டுமென்றால் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போய் வாங்கிக்கொள்ளலாம்.

கறுப்புத் தட்டு வேண்டாம். அது அழகுதான், ஆனால் எங்கள் வெயிலுக்கு ஆகாது. தகரக் கூரைக்குக் கீழே அலுமாரிக்கு மேல் நான் வைத்திருந்த தட்டொன்று ஒரு சித்திரைக்குள் பொரித்த அப்பளம்போல நெளிந்துவிட்டது. ஊசி தேய்ந்தால் மாற்றுவதற்கும் கொழும்புக்கு அலைய வேண்டும்.

மாமாவின் பெட்டியில் இன்னும் இடமிருந்தால் ‘வொண்டர்வோல் மியூசிக்’. 1968இல் வந்தது, பீற்றில்ஸ்காரர் ஒருவரின் முதல் தனித்தட்டு. ஒரு பகுதியை அந்த ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. கலையகத்தில் நம் பக்கத்து வித்துவான்களை வைத்துப் பதிந்தார். ஷெனாய் எழும்பும் இடங்களில் கோயில் வீதி ஞாபகம் வரும். 1973 தட்டான ‘லிவிங் இன் த மற்றீரியல் வேர்ல்ட்’டின் புதிய ரீமிக்ஸ் 2024இல் வந்தது. போனில் கேட்டால் போதும், அந்த இடத்தில் அக்கா சொல்வதே சரி. 1974இல் வந்த ‘டார்க் ஹோர்ஸ்’ தட்டில் தொண்டை கட்டிப்போய்ப் பாடியிருக்கிறார். எத்தனை தரம் மறுபதிப்புச் செய்தாலும் அந்தத் தொண்டை ஆறாது.

ஒன்று மறந்துவிட்டேன். இப்போதைய லப்ரொப்புகளில் சீடி போடும் வாயே இல்லை. வெளியே செருகுகிற சின்ன டிரைவ் ஒன்றையும் மாமாவிடம் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வந்ததும் நாலாவது சீடியை முதலில் போடுங்கள், அக்கா வீட்டில் நிற்கிற நேரமாகப் பார்த்து.