பேஸ்மென்ட் சாமித்தட்டுக்கு எந்த லைட்?

தங்கச்சி, திருகோணமலை உப்புவெளியிலிருந்து கனடாவுக்கு வந்து முதல் குளிர்காலத்தைக் காணப்போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வாடகை வீடு. சதுர அறைகளாகப் பிரித்த ஐகியாவின் கல்லக்ஸ் தட்டு ஒன்று வாங்கிப் பூட்டியாயிற்று. மேல் வரிசை நான்கு அறையிலும் சாமிப்படங்கள், கீழே பிள்ளையின் புத்தகங்கள். சுவரில் துளை போடாமல் அதற்குள் எல்.இ.டி. லைட் போடலாமா, திருகோணமலைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஸ்ட்ரிப் லைட்டைத் தை மாதம் வரும் அக்காவிடம் கொண்டுவரச் சொல்லலாமா, தட்டுக்குள்ளேயே விளக்கேற்றலாமா, ஊரில் அம்மாவின் சாமியறைக்கும் இங்கிருந்து ஒன்று வாங்கி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

நான் பாலையூற்றுப் பிள்ளை. இங்கே வந்து வெகுகாலம். வேலை, கிச்சின் கபினெட் செய்யும் இடத்தில். அலுமாரிக்கும் தட்டுக்கும் லைட் பூட்டுவது அன்றாடத் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விளக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து தட்டுக்குள் ஏற்றாதீர்கள். கல்லக்ஸ் பார்க்கக் கனத்த மரம் போலத் தெரியும். ஆனால் அதன் தடித்த பலகைகளுக்குள் இருப்பது தேன்கூட்டு வடிவில் அடுக்கிய கடதாசி, அதை மூடி மெல்லிய மரத்தூள் பலகை, மேலே பெயின்ட். ஒரு அறையின் உள்ளுயரம் 33 செ.மீ. சின்னக் குத்துவிளக்கை வைத்தாலும் சுடருக்கும் மேல்பலகைக்கும் நடுவே ஒரு சாண் மிஞ்சாது. பேஸ்மென்ட்டில் வெளியே ஓட அநேகமாக ஒரே ஒரு படிக்கட்டுத்தான். பித்தளைத் தட்டம் ஒன்றை மேசையில் வைத்து, மேலே ஒன்றும் தொங்காத இடமாகப் பார்த்து, நீங்கள் பக்கத்தில் நிற்கும் நேரம் மட்டும் ஏற்றுங்கள். கும்பிட்டு முடிந்ததும் குளிரவைத்துவிடுங்கள். மற்ற நேரத்துக்குச் சாமிக்கு வெளிச்சம் தரத்தான் எல்.இ.டி.

அந்த வெளிச்சம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் மார்கழியிலும் ஆறு மணி வரை வெளிச்சம் நிற்கும். இங்கே அந்த மாதம் 4.45க்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், காலையில் 7.45 தாண்டித்தான் சூரியன் தெரியும். திருவெம்பாவைக்கு எழும்புகிற நேரம் நடுச்சாமம் போலவே இருக்கும். பேஸ்மென்ட் சின்ன யன்னலால் பகலிலும் பெரிதாக ஒன்றும் உள்ளே வராது. வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது அந்த நாலு அறையும் மெல்ல ஒளிர்ந்துகொண்டிருந்தால் மனசு கொஞ்சம் நிமிரும். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

இனி அக்கா கொண்டுவரும் சாமான். கோயில் திருவிழாவுக்கும் நவராத்திரிக்கும் ஊரில் சுருள் சுருளாக விற்கிற ஸ்ட்ரிப்பில் பல நேரே 230 வோல்ட்டில் எரிபவை. கனடாவில் சுவரில் வருவது 120 வோல்ட். அதை இங்கே செருகினால் எரியாது, எரிந்தாலும் மங்கல்தான். 12 வோல்ட் ஸ்ட்ரிப் என்றால் எந்த நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் அதோடு வரும் அடப்டர்தான் பார்க்க வேண்டியது. ஒன்ராறியோவில் சுவரில் செருகும் மின்பொருளுக்குக் கனடாவில் ஏற்றுக்கொண்ட பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். சி.எஸ்.ஏ. என்ற சோதனை நிறுவனத்தின் முத்திரை, இல்லாவிட்டால் யூ.எல். அல்லது ஈ.டி.எல். முத்திரையும் அதன் வட்டத்துக்கு இடப்பக்கம் சின்னதாக ஒரு ‘சி’ எழுத்தும். அந்த ‘சி’ இல்லாவிட்டால் அது அமெரிக்காவுக்கு மட்டும் பார்த்த முத்திரை. முத்திரை இல்லாத அடப்டரை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், பிள்ளை படுக்கிற வீட்டில் செருகாதீர்கள். அக்காவின் பெட்டியில் அந்த இடத்துக்குக் கருவாடும் மிளகாய்த்தூளும் வரட்டும்.

இங்கே ஹோம் டிப்போ, கனேடியன் டயர் போன்ற கடைகளில் வாங்கலாம். ஐகியாவிலேயே தட்டுக்கென்று லைட்டும் அதற்கான அடப்டரும் (அங்கே டிரைவர் என்பார்கள்) தனித்தனியாக இருக்கின்றன. விலை கொஞ்சம் கூட, ஆனால் வயர் எல்லாம் செருகிப் பூட்டுகிற மாதிரி வருவதால் புதிதாகச் செய்பவருக்கு இலகு. ஸ்ட்ரிப் வாங்குவதென்றால் பெட்டியில் இரண்டு எண்ணைப் பாருங்கள். ஒன்று நிறம்: 2700 முதல் 3000 கெல்வின் வரை. ஊரில் எல்லோரும் போடுவது 6500, நீலம் கலந்த வெள்ளை. வெயில் நாட்டில் அது குளிர்ச்சியாகத் தெரியும், இங்கே ஆஸ்பத்திரி வார்ட் போலாகிவிடும். மஞ்சள் கலந்த வெளிச்சத்தில்தான் பித்தளையும் குங்குமமும் தங்கள் நிறத்தில் நிற்கும். மற்றது சி.ஆர்.ஐ., நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு. அது 90க்கு மேல் இருந்தால் படத்தின் சிவப்பும் பச்சையும் வெளிறாது. ரிமோட்டில் கலர் மாறுகிற வகை சாமிக்கு வேண்டாம். பிள்ளை ஆசைப்பட்டால் புத்தகத் தட்டுக்குப் போடலாம்.

அளவு இதுதான். ஒரு அறையின் அகலம் 33 செ.மீ., நாலு அறைக்கு 1.32 மீட்டர். மீட்டருக்கு 4.8 வாட் ஸ்ட்ரிப் தட்டுக்குத் தாராளம். ஆக மொத்தம் ஆறரை வாட்டுக்குள். அடப்டரை அதன் முழுச் சக்திக்கு ஓட்டாமல் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் விட வேண்டும். 12 வோல்ட், 1 அம்பியர் அடப்டர் 12 வாட் தரும், அதுவே போதும். மாலையில் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு ஒரு யூனிட் அளவுதான். ஹைட்ரோ பில், அதாவது கறண்ட் பில், வாடகைக்குள் அடங்கியிருந்தாலும் வீட்டுக்காரருக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

பூட்டுகிற இடத்தில்தான் அழகு இருக்கிறது. பலர் ஸ்ட்ரிப்பை அறையின் பின்பக்கம் ஒட்டுவார்கள். கல்லக்ஸுக்குப் பின்பலகை கிடையாது, பின்னால் சுவர்தான், அதனால் சுவர் ஒளிரும், சாமி முகம் இருட்டாகும். பூச்சாடிக்கு அது சரி, படத்துக்குச் சரியில்லை. மேல்பலகையின் அடிப்பக்கத்தில், முன் விளிம்பை ஒட்டி, உள்நோக்கிச் சரிவாக வையுங்கள். அதற்கென்று மூலை வடிவ அலுமினியச் சட்டம் பால்நிற மூடியோடு விற்கிறது. வெறும் ஸ்ட்ரிப் ஒட்டினால் ஒவ்வொரு புள்ளியும் கண்ணைக் குத்தும். சட்டம் அந்தப் புள்ளிகளை ஒரே கோடாக்கும், சூட்டையும் இழுத்துக்கொள்ளும், எல்.இ.டி.யின் ஆயுளும் கூடும். படத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தால் லைட் அதில் தெறிக்கும். படத்தின் மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நிறுத்தினால் தெறிப்பு கீழே போய்விடும்.

ஸ்ட்ரிப்பில் வெட்டுவதற்கென்று கத்தரிக்கோல் அடையாளம் இருக்கும். 12 வோல்ட்டில் பொதுவாக மூன்று எல்.இ.டி.க்கு ஒன்று. அங்கே மட்டும் வெட்டுங்கள். ஈயம் பற்றவைக்கத் தெரியாவிட்டால் அமுக்கிப் பூட்டும் கனெக்டர் இருக்கிறது. கூட்டல் கூட்டலோடு, கழித்தல் கழித்தலோடு. மாறிப் பூட்டினால் எரியாது, அவ்வளவுதான். நாலு துண்டுக்கும் அடப்டரிலிருந்து தனித்தனி வயர் பிரித்துக் கொடுத்தால் ஒன்று பழுதானாலும் மற்றவை எரியும்.

துளை தேவையில்லை, கடதாசிக் கூட்டுக்குள் திருகாணி பிடிக்கவும் மாட்டாது. ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். கோடையில் பேஸ்மென்ட் ஈரம் பிடிக்கும், வெறும் ஒட்டுப்பசை அப்போது கழரும், ஆகவே இரட்டைப் பக்க டேப்பில் நல்லதாக வாங்குங்கள். வீடு மாறும்போது தலைமயிர் காயவைக்கும் ட்ரையரால் சூடாக்கினால் பெயின்ட் உரியாமல் வரும். அடப்டரைத் துணிக்கும் புத்தகத்துக்கும் நடுவே புதைக்காதீர்கள், காற்றுப்பட விடுங்கள். எக்ஸ்ரென்ஷன் வயரை இன்னொரு எக்ஸ்ரென்ஷனில் செருகவே வேண்டாம். டைமர் பிளக் ஒன்று போட்டால் நாலரைக்குத் தானாக எரிந்து பத்துக்கு அணையும்.

யாராவது தெரிந்தவர் வந்து, கூரை லைட்டிலிருந்தே வயர் இழுத்துத் தருகிறேன் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒன்ராறியோவில் வீட்டு வயரிங்கில் கைவைப்பதற்கு மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். காசு கொடுத்துச் செய்விப்பதென்றால் அனுமதிப்பத்திரம் உள்ள ஒப்பந்தக்காரர்தான் செய்யலாம். வாடகைக்காரர் அதற்குள் போகவே கூடாது.

ஒரு துளை மட்டும் நானே கேட்பேன்: தட்டைச் சுவரோடு பிணைக்கும் திருகாணிக்கு. ஏறி விளையாடுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் அது கட்டாயம். வீட்டுக்காரரிடம் இதற்காக அனுமதி கேளுங்கள், போகும்போது பட்டி பூசிக் கொடுக்கலாம்.

அம்மாவுக்கு அனுப்புவதென்றால் அடப்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். உள்வரவு 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் ஊரிலும் ஓடும், பிளக் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். 120 என்று மட்டும் இருந்தால் அங்கே செருகியவுடன் கருகிவிடும். உப்புவெளியில் கடற்காற்றுக்குச் செம்பு பச்சை பூத்துப்போகும், ஆகவே ஈரம் புகாதபடி சிலிக்கோன் பூசிய ஐ.பி. 65 வகை வாங்குங்கள். வெட்டிய முனையையும் சிலிக்கோனால் அடைக்கச் சொல்லுங்கள். சித்திரை, ஐப்பசி இடிமழைக்கு அடப்டரைக் கழற்றி வைக்கவும் சொல்லுங்கள். கறண்ட் நிற்கும் இரவுக்கும் வேண்டுமென்றால் 5 வோல்ட் யூ.எஸ்.பி. ஸ்ட்ரிப்பே மேல். அது போனுக்கு வைத்திருக்கும் பவர் பாங்கிலும் எரியும், அடப்டர் அனுப்பும் கவலையும் இல்லை.