அரசு வழக்கறிஞரின் காதல்

கேள்வி: ஏற்காட்டில் நடந்த கொலையில் கைதானவர் மீது அரசு வழக்கறிஞரான கதாநாயகி காதல் கொள்வதாகத் தொடர்கதை எழுதுகிறேன். கதாநாயகியே தடயம் தேடி மலையேறுவதாகவும் எழுதியுள்ளேன். அவர் வழக்கைத் திரும்பப் பெற முடியுமா?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தாமாக முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 360ஆம் பிரிவின்படி அவர் விண்ணப்பிக்கலாமே தவிர, நீதிமன்றம் இசைந்தால்தான் அது நிறைவேறும். பாதிக்கப்பட்ட தரப்புக்குப் பேச வாய்ப்பளிக்காமல் நீதிமன்றமும் இசைய முடியாது. புலனாய்வு காவல்துறையின் பணி என்பதால், கதாநாயகி 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தடயம் தேடுவது (படிக்கச் சுவைதான்!) பொருந்தவில்லை. சேலம் அமர்வு நீதிமன்றத்தில், எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கையில், கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியை அவர் கேட்காமல் அமர்ந்துவிடட்டும். உங்கள் கதை அங்கேதான் தொடங்குகிறது.