தூங்குகிறவனைத் தட்டி எழுப்பும் வேலை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். இப்போது வேலை கொழும்பில். இரவில் கூட்டாளிமாரோடு ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்ற இணைய கேம் விளையாடுவேன். போன மாதம் அதன் பழைய கிளாசிக் பதிப்பில் புதிதாக ஓர் ஓர்க் வீரனைத் தொடங்கினேன். தொடக்கத்திலேயே ஒரு குவெஸ்ட், அதாவது ஆட்டக்காரர் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை, வரும். மரம் வெட்ட வேண்டிய கூலிகள் ஆங்காங்கே படுத்துத் தூங்குகிறார்கள். மேற்பார்வையாளன் நம் கையில் ஒரு தடியைக் கொடுத்து, அந்தச் சோம்பேறிகளை அடித்து எழுப்பச் சொல்கிறான். அடித்தால் அலறிக்கொண்டு எழும்பி வேலைக்குப் போகிறார்கள். எல்லாரும் சிரிக்கும் இடம் அது. நானும் சிரித்தேன். அப்புறம் படுக்கையில் தாத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது.

கூட்டாளிமாரிடம் சொன்னேன். “கேம் மச்சான், அதுக்குள்ள எதுக்குத் தோட்டத்தக் கொண்டாற?” என்றார்கள். நான்தான் தேவையில்லாமல் யோசிக்கிறேனா? இதையெல்லாம் விளையாடலாமா? அந்தக் கூலியைப் பற்றி நீங்கள் ஒரு கதை எழுதுவீர்களா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கூட்டாளிமார் சொல்வது சரிதான், அது கேம். அந்தக் கூலிக்கு வலிக்கப்போவதில்லை. ஆனால் தடி உங்கள் கையில் இருந்ததே! நம் தாத்தாமார் அடி வாங்கும் பக்கத்தில் நின்று பார்த்த காட்சியை நீங்கள் கங்காணியின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். கதைப் புத்தகத்தில் கங்காணி அடிப்பான், நாம் படிப்போம், மனம் அடி வாங்குகிறவனோடு போய்விடும். கேமில் நாம் அடித்தால்தான் அடுத்த பக்கமே திறக்கும்.

இதைப் பற்றிய பெரிய சண்டை ஒன்று 2008இல் நடந்தது. இதே கேமில் அந்த ஆண்டு புதிதாகச் சேர்த்த லிச் கிங் பகுதியில், போரியன் டண்ட்ரா என்ற பனிப் பிரதேசத்தில் ஒரு குவெஸ்ட். பிடிபட்ட மந்திரவாதி ஒருவனிடமிருந்து, கடத்தப்பட்ட ஒரு பெண் எங்கே இருக்கிறாள் என்று கறந்தாக வேண்டும். அவனைப் பிடித்து வைத்திருக்கும் கிரின் டோர் என்ற மந்திரவாதிகள் கூட்டத்துக்குச் சித்திரவதை ஒழுக்கக்கேடு, விதியில் இடமில்லை. ஆகவே வலி உண்டாக்கும் கருவியை நம்மிடம் தருகிறார்கள். நமக்குத்தான் அந்த விதி கிடையாதே. அவன் வாய் திறக்கும் வரை குத்த வேண்டும். ரிச்சர்ட் பார்ட்டில் இதைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ தொடங்கிய, பலர் சேர்ந்து ஆடும் ‘மட்’ என்ற கணினி விளையாட்டை அவரோடு சேர்ந்து வளர்த்தவர் அவர். இன்றைய இணைய உலகங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் முன்னோடி. ‘முடியாது’ என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர வழியே வைக்கவில்லையே என்பதுதான் அவருடைய பெரிய ஆதங்கம்.

நியாயமான ஆதங்கம். ஆனால் எனக்கு அந்தக் குவெஸ்ட் ஒரு வகையில் பிடிக்கும். அது யோக்கியமாகத் தன் அசிங்கத்தைக் காட்டிவிடுகிறது. தன் கையில் அழுக்குப் படாமல் பார்த்துக்கொண்டு வேலையை வேறொருவன் தலையில் கட்டும் கனவானை நமக்குத் தெரியாதா? துரையின் பங்களாவிலிருந்து பார்த்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நடப்பது ஒன்றும் தெரியாதுதான். அதற்குத்தானே கங்காணி, கணக்கப்பிள்ளை எல்லாரும்.

வேடிக்கையாக வந்து போகும் குவெஸ்ட்டுகள்தான் மோசம். மனிதர் பக்கத்தில் ஆடத் தொடங்கினால் முதலில் வருகிறவர்கள் கோபோல்டுகள். எலி முகம், தலையில் ஒரு மெழுகுதிரி, சுரங்கத்தில் மண் தோண்டும் பிழைப்பு. ஆளைக் கண்டால் மெழுகுதிரியை எடுக்காதே என்று கொச்சைப் பேச்சில் கத்துவார்கள். பக்கத்து ஊர் மருந்துக்காரர் அதே மெழுகுதிரிகளைக் கொண்டுவரச் சொல்லி நம்மை அனுப்புகிறார். இருட்டுக்குள் தோண்டுகிறவனுக்கு உள்ள ஒரே வெளிச்சத்தை, அவனைக் கொன்று எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறோம். அவன் பேச்சு உலகம் முழுக்க ஆட்டக்காரர்களுக்கு ஒரு நிரந்தரப் பகிடி. டவுனில் நம் ஆட்கள் வாயைத் திறந்ததும் அதே மாதிரி பேசிக் காட்டிச் சிரிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொழும்பில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னும் கொஞ்சம் போனால் டெஃபியாஸ் கூட்டம். சிவப்புத் துணியால் முகம் மறைத்த திருடர்கள். ஊர்க்காவல் படையான மிலீஷியாக்காரர் அவர்களைக் கொல்லச் சொல்வார், கடைசியில் தலைவன் வான்கிளீஃபின் தலையைக் கேட்பார். பெரும்பாலானோர் கொல்வதோடு சரி. குவெஸ்ட்டில் எழுதியிருப்பதைப் படித்தால்தான் அவர்கள் யார் என்று தெரியும். போரில் அழிந்த ஸ்டோம்விண்ட் நகரத்தைத் திரும்பக் கட்டிய கல்தச்சர்கள் அவர்கள். கட்டி முடிந்ததும் பிரபுக்கள் கூலியைக் கொடுக்கவில்லை. கலவரம் வந்தது, துரத்தினார்கள். அந்த நகரத்தின் மதிலைத் தாண்டித்தான் நாம் கொலைக்குக் கிளம்புகிறோம். மதில் யார் கட்டியது? இந்த ஒரு விஷயத்துக்காக அந்தக் கதையை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு. 2010இல் வந்த பகுதியில் வான்கிளீஃபின் மகளையும் கொண்டுவந்தார்கள், அப்பனின் சாவைக் கண்ணால் கண்ட பிள்ளையாக. நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற தோட்டச் சம்பளம் அரச வர்த்தமானியில் ஏற 2021 வரை காத்துக்கிடந்த சனத்தின் பிள்ளைகள் நாம். அந்த இடத்தைப் படிக்காமல் தாண்டிப் போவது எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தார். சுட்டவருக்கும் அது அன்றைய நாளின் ஒரு வேலைதான்.

இது வெள்ளைக்காரர் கேமுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். பொன்னர் சங்கர் கூத்தை விடிய விடியப் பார்த்திருப்பீர்கள். தங்கச்சி ஆசைப்பட்ட கிளிக்காக அண்ணன்மார் வேடர் காட்டுக்குள் நுழைகிறார்கள். அசல் குவெஸ்ட். வேடனுக்கு அது அவன் காடு, அவன் கிளி என்று கூட்டத்தில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

சரி, மறுக்கத்தான் ஏன் வழியில்லை? தனியாக ஆடும் கேம் என்றால் நீங்கள் ஒருவனை விட்டுவிட்டால் அந்த உலகத்தில் அவன் உயிரோடு இருப்பான். இங்கே ஒரே சர்வரில் ஆயிரக்கணக்கானோர். நீங்கள் விட்டவனை அடுத்து வருகிறவர் கொல்வார், கொல்லப்பட்டவனும் சில நிமிடத்தில் எழும்பி அதே இடத்தில் நிற்பான். ஆளுக்கு ஆள் வேறு காட்சி காட்டும் உத்தியை 2008இலேயே நன்றாகப் பயன்படுத்தினார்கள், ஆனால் பெரும்பாலும் கதையை நகர்த்துவதற்கு; மறுத்தவனுக்கு வழிவிடுவதற்கு அல்ல. டபுள்ஏஜென்ட் என்றொரு பாத்திரம் இருந்தது. இரண்டு படையில் எதிலும் சேராமல், தொடங்கிய தீவை விட்டே போகாமல், மூலிகை பறித்தும் தாது வெட்டியுமே உச்ச லெவலைத் தொட்டது. இலை பறித்தே மேலே போன ஒருவரை நான் கேள்விப்பட்டது அங்கே மட்டும்தான்.

இப்போது உங்கள் கூலிக்கு வருகிறேன். நீங்கள் அடித்துவிட்டுப் போன பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தீர்களா? அவன் மரம் வெட்டுவான். சிறிது நேரத்தில் மறுபடியும் படுத்துவிடுவான். படுக்காமல் என்ன செய்வான்? பின்னால் வருகிற ஆட்டக்காரருக்கும் தட்டி எழுப்ப ஓர் ஆள் வேண்டுமே. குவெஸ்ட்டின் பெயரிலேயே அவன் சோம்பேறி. அவனை அந்த உலகத்தில் வைத்ததே அடி வாங்குவதற்காகத்தான், ஆகவே அவன் சோம்பேறியாக இருந்தே தீர வேண்டும். கூலிகள் சோம்பேறிகள், சொன்னால் செய்யமாட்டார்கள், பின்னால் ஆள் நிற்க வேண்டும் என்று தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். விடியும் முன் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற சனத்தைப் பார்த்துச் சொன்னார்கள். இப்படிச் சொல்லாவிட்டால் இத்தனை கங்காணிகளுக்கு என்ன வேலை? அந்தக் கணக்கை இவ்வளவு வெட்டவெளிச்சமாக எந்தச் சரித்திரப் புத்தகமும் எனக்குக் காட்டியதில்லை. உங்களுக்கு ஒரு கேம் காட்டியிருக்கிறது. விளையாடலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக விளையாடுங்கள். குவெஸ்ட்டை ஏற்கும் அக்செப்ட் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள், அவ்வளவுதான். கூட்டாளிமார் கத்துவார்கள், கத்தட்டும்.

கதையை நான் எழுத மாட்டேன். ஓர்க்கைப் பற்றி எழுத எனக்குக் கை வராது, உங்களுக்கு வரும். தாத்தாவை உள்ளே கொண்டுவராமல் எழுதிப் பாருங்கள், அவர் தானாக வந்தால் வரட்டும். இன்னொரு தடவை அந்தக் கூலிகள் இருக்கும் பள்ளத்தாக்குக்குப் போய், தடியை எடுக்காமல், வெட்டுகிற மரம் எங்கே போகிறது, அவன் எங்கே சாப்பிடுகிறான் என்று பார்த்துவிட்டு வாருங்கள். எழுதியதும் அனுப்புங்கள். யூனிகோடில் அனுப்புங்கள், பழைய பாமினி எழுத்துருவில் வந்தால் என் கணினியில் வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரிகிறது.