மூன்று வாரம் போதாது

கேள்வி: என் கணவருக்கு வயது 38. கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று ஓயாத சந்தேகம். பைக்கில் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் மனநலப் பிரச்சினை) என்று சொல்லி மனநல மருத்துவர் செர்ட்ராலின் 50 மி.கி. கொடுத்தார். மூன்று வாரமாகியும் மாற்றமில்லை, வயிறுதான் கலக்குகிறது. "தூக்க மாத்திரை, பழகினால் விடாது" என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்தாதீர்கள் சகோதரி. செர்ட்ராலின் தூக்க மாத்திரை இல்லை. மூளையில் செரோடோனின் என்ற ரசாயனத்தின் போக்கை மாற்றும் மருந்து. போதைபோல் ஏங்க வைக்காது. ஆனால் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும். அதைப் பார்த்துத்தான் 'பழகிவிட்டது' என்கிறார்கள். நிறுத்தும் காலம் வரும்போது மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். அதற்கு, குணம் தெரிந்த பிறகும் ஓரிரு வருடமாவது ஆகும்.

ஓசிடிக்கு இந்த மருந்துகள் மெதுவாகத்தான் பிடிக்கும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவும் தேவைப்படும். 50 என்பது பெரும்பாலும் தொடக்கம்தான், 200 வரை ஏற்றுவதுண்டு. சரியான அளவில் 8 முதல் 12 வாரம் பார்த்த பிறகே 'கேட்கவில்லை' என்று சொல்ல முடியும். அப்போதும் ஃப்ளூவோக்சமைன், ஃப்ளூஆக்செடின், பழைய மருந்தான க்ளோமிப்ரமைன் என்று வேறு வழிகள் இருக்கின்றன.

வயிற்றுக் கலக்கம் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். இருப்புக்கொள்ளாத தவிப்போ, உயிரை விடும் எண்ணமோ வந்தால் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் உண்டு. ஆண்கள் வாய் திறக்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார்கள். நீங்களாவது கேளுங்கள்.

அப்புறம், மாத்திரையோடு ஈ.ஆர்.பி. என்ற பயிற்சியும் சேர்ந்தால் பலன் கூடும். ஒரு தடவை பூட்டிவிட்டு, இழுத்துப் பார்க்காமல் அந்தப் பதற்றத்தோடு நிற்கப் பழக்குவது. மருத்துவரிடம் கேளுங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணமில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி: "நானே பத்துத் தடவை பார்த்துச் சொன்னாலும் அடங்கமாட்டார்." அந்தப் பத்துதான் நோய்க்குத் தீனி. அவரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டு, ஒன்பது, எட்டு என்று குறைத்து வாருங்கள். கேட்டால் கோபப்படாமல், "ஒரு தடவை சொல்லிவிட்டேனே" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் வாரம் வீட்டில் சத்தம் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.