எந்த வருடத்து வீடு?

அன்புள்ள அண்ணா,

சமீபத்தில் பாஸ்டன் போயிருந்தபோது நார்த் எண்ட் பகுதியில், அமெரிக்க விடுதலைப் போராட்ட வீரர் பால் ரிவியரின் மர வீட்டைப் பார்த்தோம். 1680 வாக்கில் கட்டியதாம். ஆனால் நூறு வருடம் முன்பு நிறையப் பிரித்துச் சீரமைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். “பாதியை மாற்றிவிட்டால் அப்புறம் என்ன பழைய வீடு?” என்கிறாள் என் மனைவி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கா.

அன்புள்ள கா.,

பழைய வீடுதான், சந்தேகமே வேண்டாம். அஸ்திவாரமும் வீட்டைத் தாங்கும் கனத்த தூண்களும் உத்தரங்களும் பெரும்பாலும் முதலில் போட்டவையே. என்னை உறுத்துவது வேறு விஷயம்.

1676 தீ விபத்தில் இன்க்ரீஸ் மேதர் என்ற பாதிரியாரின் வீடு எரிந்துபோன மனையில் எழுந்த வீடு இது. முதலில் குடியிருந்தவர் ராபர்ட் ஹோவர்ட் என்ற வணிகர். பின்னால் யாரோ தெருப்பக்கம் கூரையை உயர்த்தி மூன்றாவது தளம் எடுத்தார்கள். வெள்ளித் தட்டார் ரிவியர் 1770-இல் வாங்கியது அந்த மூன்று தள வீட்டைத்தான். 1775 ஏப்ரல் 18 இரவு, பிரிட்டிஷ் படை புறப்படும் செய்தியை விடுதலைப் போராளிகளுக்குச் சொல்லக் கிளம்பும் முன், வீட்டுக்குப் போய் பூட்ஸையும் மேல்கோட்டையும் எடுத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த இரவு அவர் வெளியே வந்து திரும்பிப் பார்த்திருந்தால், நீங்கள் பார்த்த முகப்பு கண்ணில் பட்டிருக்காது. 1907-08 சீரமைப்பில் கட்டடக் கலைஞர் ஜோசப் சாண்ட்லர் வீட்டைப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று மூன்றாம் தளத்தை எடுத்துவிட்டார். சாய்சதுரக் கண்ணாடிச் சில்லுகள் வைத்த அழகான ஜன்னல்களும் அப்போது வந்தவையே.

ரிவியர் பெயரில் காப்பாற்றிய வீட்டிலிருந்து, ரிவியர் காலத்துத் தளத்தையே நீக்கியிருக்கிறார்கள்!

அவர் 1800-இல் விற்ற பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். மாலுமிகள் தங்கும் விடுதியானது, அப்புறம் ஒண்டுக்குடித்தனம். அயர்லாந்துக்காரர்கள், யூதர்கள், இத்தாலியர்கள் என்று அடுத்தடுத்து கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேட்டை அது. கீழ்த்தளத்தில் மிட்டாய்க் கடை, சுருட்டுப் பட்டறை, காய்கறிக் கடை, ஒரு இத்தாலிய வங்கி. இந்த வாடகைக்காரர்களின் நூறு வருடம் ரிவியர் வைத்திருந்த முப்பது வருடத்தைவிட மும்மடங்கு நீளம். வெளியிலிருந்து பார்த்தால் அவர்கள் இருந்த சுவடே இல்லை. ஒரு கடை முகப்பையாவது விட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு முறை அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பார்க்கும்போதும் தோன்றுகிறது. சாமானியர்கள் வாடகை கொடுத்து வாழ்ந்ததும் அந்த வீட்டின் வரலாறுதானே?

அதே சமயம், 1902-இல் இடிபடும் நிலையில் இருந்ததை ரிவியரின் கொள்ளுப்பேரன் விலைக்கு வாங்கியிருக்காவிட்டால் நாம் இப்படி விவாதிக்க வீடே மிஞ்சியிருக்காது. அவருக்கும் சாண்ட்லருக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் இந்தக் குறையைச் சொல்கிறேன்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: மரம் மாறியதைவிட, வீட்டின் வயதை ஒரே வருடத்தில் நிறுத்தியதுதான் பெரிய மாற்றம். அடுத்த முறை போனால் பக்கத்தில் இருக்கும் செங்கல் வீட்டையும் பாருங்கள். 1711 வாக்கில் கட்டியது, மூன்று தளம். ரிவியரின் உறவினர் ஒருவர் அங்கே வாழ்ந்தார்.