கடைவாயில் யார் கடித்தாலும் சென்சார் ஏன் ஒரே எண்ணைக் காட்டுகிறது?

கேள்வி: பல் மருத்துவத்தில் செயற்கைப் பல் சீரமைப்புப் பிரிவில் முதுகலை படிக்கிறேன். முழுப் பல்செட் அணிந்தவர்களின் கடிவிசையை, இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் திருகு) மேல் பொருத்திய பல்செட் அணிந்தவர்களின் கடிவிசையோடு ஒப்பிட வேண்டும். எஃப்எஸ்ஆர் 402 சென்சார் (அழுத்தினால் மின்தடை குறையும் படலம்), 10 கிலோ ஓம் மின்தடை, ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணிப்பலகை கொண்டு கருவி செய்து, முதலில் நண்பர்களிடம் சோதித்தேன். கடைவாயில் யார் கடித்தாலும் 930-க்கு மேல் ஏறக்குறைய ஒரே எண் வருகிறது. முன்பல்லில் ஒருவரே கடித்தாலும் தடவைக்குத் தடவை மாறுகிறது. எங்கே தவறு?

பதில்: சுற்றில் தவறு இல்லை. அந்தச் சென்சார் விரலால் அழுத்துவதை அறியச் செய்யப்பட்டது. சுமார் 20 நியூட்டன் வரைதான் அதை நம்பலாம். அந்த அளவில் அதன் மின்தடை 1 கிலோ ஓம் அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் 10 கிலோ ஓமுடன் சேர்த்துக் கணக்கிட்டால், ஆர்டுயினோ காட்டக்கூடிய உச்ச எண்ணான 1023-இல் 930 வரும். அதற்கு மேல் விசை எத்தனை மடங்கு கூடினாலும் மீதமுள்ள தொண்ணூற்றுச் சொச்சம் எண்களுக்குள்ளேயே அது அடங்கியாக வேண்டும். இயற்கைப் பற்கள் உள்ள பெரியவர்கள் கடைவாயில் 300 முதல் 800 நியூட்டன் வரை கடிப்பார்கள். முன்பல்லில் அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். முழுப் பல்செட் அணிந்தவர்களுக்குப் பெரும்பாலும் 150 நியூட்டனுக்குள் நின்றுவிடும்.

ஆகவே சென்சாரை மாற்றுங்கள். இதே போன்ற படலச் சென்சாரான ஃப்ளெக்ஸிஃபோர்ஸ் ஏ201 வகையில் 445 நியூட்டன் வரை அளப்பது உங்கள் ஆய்வுக்குப் பொருந்தும். தடிமன் 0.2 மில்லிமீட்டர், உணரும் வட்டம் 9.53 மில்லிமீட்டர். இதில் மின்தடையின் தலைகீழ் மதிப்புதான் விசையோடு நேர்கோட்டில் ஏறும். மின்னழுத்த எண்ணை அப்படியே விசையாக எடுத்தால் கோடு வளைந்துவிடும். ஓப்-ஆம்ப் (மின்குறியைப் பெருக்கும் சில்லு) சுற்று போடுவது நல்லது. முடியாவிட்டால் நிரலிலேயே தலைகீழாக்கிக் கணக்கிடுங்கள். இயற்கைப் பற்களின் உச்ச விசையை நியூட்டனில் துல்லியமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகம் வளைவதை அளக்கும் மெல்லிய உணரி) ஒட்டிய, கடிப்பதற்கான எஃகுக் கவைதான் சரி. அதற்கு, மின்குறியை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 பலகை வாங்கினால் அது நொடிக்கு 10 அளவு எடுக்கும்படி அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வேகத்தில் கடியின் உச்சம் தவறிப்போகும், 80-க்கு மாற்றுங்கள்.

முன்பல்லில் எண் மாறுவதற்குக் காரணம் சென்சார் மட்டும் அல்ல, அது வாயில் உட்கார்ந்திருக்கும் விதமும்தான். பல்முனை நேராகச் சென்சாரின் படலத்தில் பட்டால் ஒரு முறை வட்டத்தின் நடுவில் அழுத்தும், மறுமுறை ஓரத்தில் அழுத்தும். நாளடைவில் படலமே மடங்கிக் கெட்டுப்போகும். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வட்டு ஒன்றை உணரும் வட்டத்தின் நடுவில் வையுங்கள். அது ஏறத்தாழ 70 சதவீதப் பரப்பை மூடும். அடியில் தட்டையான எஃகுத் தகடு, இரண்டு வெளிப்புறமும் 1 முதல் 2 மில்லிமீட்டர் சிலிக்கோன் அல்லது தோல். இந்த மெத்தையை விட்டுவிடாதீர்கள். வெறும் உலோகத்தைக் கடிக்கும்போது பல்லைச் சுற்றியுள்ள தசைநாரின் உணர்நரம்புகள் தாடைத் தசையைத் தடுத்துவிடும். பல் உடைந்துவிடுமோ என்ற பயமும் சேரும். அப்போது நீங்கள் அளப்பது தசையின் வலிமையாக இருக்காது.

அளவுத்திருத்தத்தை (தெரிந்த எடையை வைத்து எண்ணைச் சரிபார்ப்பதை) சென்சாருக்கு மட்டும் செய்யாமல், மெத்தையும் உறையும் போட்ட முழுக் கருவிக்கும் செய்யுங்கள். பலரும் பிழைவிடும் இடம் இதுதான். முதலில் 50 கிலோ சுமையை நான்கைந்து முறை ஏற்றி இறக்கிச் சென்சாரைப் பழக்குங்கள். பிறகு 5, 10, 20, 30, 40 கிலோ என்று ஏற்றி, அதே படிகளில் திரும்ப இறக்குங்கள். கிலோவை 9.81-ஆல் பெருக்கினால் நியூட்டன். சுமை மாறாமல் இருந்தாலும் இந்தச் சென்சாரின் எண் மெல்ல நகரும். அதனால் ஒவ்வொரு சுமையையும் நோயாளி கடிக்கப்போகும் அதே 3 நொடிக்கு மட்டும் வையுங்கள். வெப்பத்தையும் மறக்காதீர்கள்: ஒரு டிகிரிக்கு 0.36 சதவீதம் மாறும் என்றால், 25 டிகிரி அறையில் திருத்திய கருவி 36 டிகிரி வாயில் ஏறக்குறைய 4 சதவீதம் விலகும். வெதுவெதுப்பான நிலையிலேயே திருத்துங்கள். பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் அழுத்தச் சோதனை இயந்திரம் கிடைத்தால் எடைக்கல்லைவிட மேல்.

அளக்கும்போது நோயாளி நிமிர்ந்து உட்காரட்டும், தலையைச் சாய்க்க வேண்டாம். முதல் கடைவாய்ப்பல் என்றால் எல்லோருக்கும் அதே இடம். கருவியின் தடிமனும் மாறக் கூடாது. வாய் திறக்கும் அளவு மாறினால் தசையின் நீளமும், அதனால் விசையும் மாறும். பல்செட்டில் ஒரு பக்கம் மட்டும் கடித்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதால் அங்கே அதே உயரத்தில் அக்ரிலிக் கட்டை வைக்க வேண்டும். அப்போது விசை இரண்டாகப் பிரியும், சென்சார் தன் பக்கத்தை மட்டுமே காட்டும். ஆகவே கட்டை வைத்தால் இரு குழுவினருக்கும் வையுங்கள், ஆய்வறிக்கையிலும் எழுதுங்கள். மூன்று முறை கடிக்கச் சொல்லுங்கள், இடையே ஒரு நிமிடம் ஓய்வு. உச்சத்தை எடுப்பதா, சராசரியை எடுப்பதா என்பதை முதல் நோயாளிக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

டி-ஸ்கேன் என்ற கடி ஆய்வுக் கருவி காட்டும் சதவீதங்களோடு உங்கள் எண்களை ஒப்பிட வேண்டாம். அது எந்தப் பல்லில் எவ்வளவு பங்கு விழுகிறது என்று காட்டும், நியூட்டன் தராது.

சென்சாரை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) போடாதீர்கள். இந்த வகை 60 டிகிரிக்கு மேல் தாங்காது. நோயாளிக்கு ஒரு புதிய பாலிதீன் உறை, வெளிக்கூட்டை 70 சதவீத ஆல்கஹாலில் துடைப்பது போதும். உறை கிழிந்து உமிழ்நீர் உள்ளே போனால் எண் தாறுமாறாக ஏறும். அந்த அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நோயாளிக்கு மின்னதிர்ச்சி வராமலிருக்க ஆர்டுயினோவுக்கு மின்கலம் மட்டும். மடிக்கணினியை இணைத்தால் அதன் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் வரும்வரை யார் வாயிலும் வைக்க வேண்டாம், நண்பர்கள் வாயிலும்கூட. ஆடும் பல், தாடை மூட்டு வலி, வேர் சிகிச்சை முடிந்து கேப் போடாத பல், பல்செட்டுக்கு அடியில் புண் இருப்பவர்களிடமும், இம்பிளான்ட் வைத்து எலும்போடு இன்னும் சேராதவர்களிடமும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.