குலுக்கலுக்கு முன்பே ஓர் அணியின் வாய்ப்பைச் சொல்லிவிடலாமா?

"உதைபந்தாட்ட உலகக் கிண்ணக் குலுக்கலுக்கு முன்பே எங்கள் அணி எதுவரை போகும் என்று கணிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்குத்தான்.

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்துப் பக்கம் பெடியன்கள் நாலு பால்மா டின்னில் துண்டுச் சீட்டு போட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். உண்மையான முறையும் கிட்டத்தட்ட அதுதான். தரவரிசைப்படி அணிகளை நாலு சாடியில் பிரிப்பார்கள். ஒரே சாடியில் உள்ளவை ஒரே குழுவில் வராது. அதனால் முன்னணி அணிகள் இருக்கும் முதல் சாடி கிடைத்தால் பெரிய தலைகளை ஆரம்பத்தில் தவிர்க்கலாம்.

இதற்காகவே 2018 உலகக் கிண்ணத்துக்கு முன் போலந்து கணக்குப் போட்டது. அப்போது தரவரிசைப் புள்ளிகள் சராசரியாகக் கணக்கிடப்பட்டன. சிநேகபூர்வ ஆட்டத்துக்குப் புள்ளி குறைவு என்பதால், அதில் வென்றாலும் சராசரி இறங்கலாம். ஆகவே அந்த ஆட்டங்களையே தவிர்த்தார்கள். முதல் சாடியும் கிடைத்தது, ஸ்பெயினுக்கே கிடைக்காதது! ஜப்பான், செனகல், கொலம்பியா இருந்த குழு. லேசான குழு என்றுதான் நானும் நினைத்தேன். கடைசி இடத்தில் முடித்தார்கள். அதே உலகக் கிண்ணத்தில் இரண்டாம் சாடியிலிருந்து வந்த குரோஷியா, ஆர்ஜென்டினாவை 3-0 என்று அடித்து, இறுதியாட்டம் வரை போனது. 2022இல் மூன்றாம் சாடி மொரோக்கோ அரையிறுதி கண்டது.

அப்புறம், 2026இல் 48 அணிகள், 12 குழுக்கள். மூன்றாமிடம் பெறுபவர்களிலும் எட்டு அணிகள் தப்பி அடுத்த சுற்றுக்குப் போகும். எனவே குலுக்கலை விட, யாருக்குக் காயம், கோல் காப்பாளர் எப்படி என்று பாருங்கள்.